இளஞ்சிவப்பு நாடா குத்திய கை: சின்னம் அணிவதால் ஏதேனும் மாறுகிறதா?

கொக்குவிலாள்

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான ஒக்டோபர் நெருங்குகிறது. இளஞ்சிவப்பு நாடா வாங்கக் காசு சேர்க்கும் பட்டியல் எங்கள் அலுவலகத்தில் வழமைபோல மேசைக்கு மேசை வந்துகொண்டிருக்கிறது. நான் இம்முறை இன்னும் கையெழுத்திடவில்லை. ஏன் என்பதை எழுதிவிட்டு உங்கள் எண்ணங்களைக் கேட்க விரும்புகிறேன்.

கடந்த ஆண்டு எங்கள் எல்லோருக்கும் நாடா குத்திவிட்டவர், எங்களோடு நீண்ட காலமாக வேலை செய்யும் ஓர் அக்கா. (அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.) நாடாவை அளவாக வெட்டி, நுனி பிரியாமல் இருக்க மெழுகுதிரிச் சுடரில் ஒரு கணம் காட்டி, மடித்து, நடுவில் குண்டூசி செருகி, ஒவ்வொருவருடைய சேலையிலும் சட்டையிலும் தம் கையாலேயே குத்தினார். எனக்குக் குத்தும்போது ஊசி உடம்பில் பட்டுவிடாமல், தம் விரல் இரண்டைச் சேலைக்கும் தோளுக்கும் நடுவில் கொடுத்துப் பிடித்தது இன்றும் நினைவில் இருக்கிறது. பிறகு பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து முகநூலில் போட்டோம். அந்தப் படத்தில் முன்வரிசையில் நிற்கும் அக்காவின் மார்பில் அப்போதே ஆறு மாதமாக ஒரு கட்டி இருந்திருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குத் தோயும்போது கையில் தட்டுப்பட்டதாம். நோவில்லை என்றபடியால் விட்டுவிட்டாராம். வீட்டிலும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. தை மாதத்தில், தோல் உள்ளிழுத்துக் குழி விழுந்திருந்ததை மகள் கண்ட பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனார். இப்போது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று வருகிறார்.

மூன்று ஒக்டோபர் மாதங்கள் தொடர்ந்து நாடா அணிந்தவர் அவர். அந்த நாடா அவருக்கு என்ன செய்தது? எங்களுக்கு என்ன செய்தது? ‘இந்த விடயத்தில் எங்கள் பங்கைச் செய்துவிட்டோம்’ என்ற நிறைவைத் தந்து, பக்கத்து மேசையில் இருந்தவரிடம் ஒரு சொல் கேட்காமலே எங்களை இருக்கவிட்டது அந்த நாடாதானோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. நாடா அணிவதை இழிவாகப் பேசுவதற்கு இந்த இழையை நான் தொடங்கவில்லை. அணிவதால் உண்மையில் எங்கேயாவது எதுவாவது மாறியிருந்தால், அது எப்படி மாறியது என்பதை அறிய விரும்புகிறேன்.

பருத்தித்துறையான்

அக்கா, உங்கள் பதிவை வாசித்ததும் எனக்குப் பாடசாலை நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. கொடி விற்கும் கிழமை வந்தால் வகுப்பாசிரியர் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் தருவார். முத்திரை அளவில் இருபது கொடிகள் அதில் அச்சிட்டிருக்கும். அவற்றைக் கத்தரித்துக் குண்டூசியில் கோத்து, தகர உண்டியலோடு சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் போவோம். விற்காத கொடிக்கான காசை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பாடசாலையில் எழுதாத சட்டமாக இருந்தது. என் தந்தையார் கடற்றொழில் செய்தவர். காற்று அடித்துக் கடலுக்குப் போக முடியாமல் இருந்த ஒரு கிழமையில் நான் பதினொரு கொடிகளோடு வீடு திரும்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பதினொன்றுக்கும் காசை எண்ணித் தந்துவிட்டு, அந்தக் கொடிகளை நாட்காட்டிக்குப் பக்கத்தில் சுவரிலே வரிசையாகக் குத்தி வைத்தார். நிறம் வெளிறும் வரை அவை அங்கேயே இருந்தன. அந்தக் காசு எங்கே போனது, யாருக்கு உதவியது என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் அப்போதே கவனித்தேன். ஒரு கொடியை நெஞ்சில் குத்தியவரை அடுத்த சந்தியில் நிற்கும் பிள்ளை மறிக்காது. ஆகவே பலர் கொடியை வாங்கியது, அன்று முழுவதும் இன்னொருவர் உண்டியல் நீட்டாமல் இருப்பதற்காகத்தான். வரி கட்டியவர் பற்றுச்சீட்டு வைத்திருப்பதைப் போல அதைக் குத்திக்கொண்டு போனார்கள். உங்கள் அலுவலகத்தில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே என்று தோன்றுகிறது.

கணக்கன்

சின்னத்துக்குச் செலவழிக்கும் காசை நேரே தேவையான இடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பதே என் எண்ணம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக 2011 யூலையில் ஒரு குழுவினர் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து, 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் திரட்டினார்கள். அந்தக் காசில் கட்டடம் எழுந்தது. அக்காவுக்கு இன்று பயன்படுவது அந்தக் கட்டடமே அன்றி நாடா அல்ல.

பூவரசடி

கணக்கன் தம்பி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அந்த நடையிலும் சின்னம் இருந்தது. தெற்கு முனையில் தொடங்கிய ஒரு கூட்டம் ஒரே நோக்கத்தோடு ஒவ்வோர் ஊராகத் தாண்டி வருவதைக் கண்ணால் கண்டபடியால்தான் வழியில் நின்றவர்கள் சேர்ந்து நடந்தார்கள், காசும் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நோக்கத்துக்குக் காசு சேர்ப்பது கடினம்.

இந்த விடயத்தில் எங்கள் நாட்டுக்கே உரிய ஒரு பழைய உதாரணம் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலாம் உலகப் போருக்குப் பிறகு, போரில் இறந்தோரின் நினைவாகவும் முன்னாள் படைவீரருக்கு உதவவும் நவம்பர் 11ஆம் திகதி இலங்கையிலும் செந்நிறப் பொப்பிப் பூ விற்கப்பட்டது. போருக்குப் போய் வந்த இலங்கையரும் இருந்தார்கள். ஆனால் திரண்ட காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. இதனால் மனம் நொந்த முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் ஏலியன் பெரேரா, 1931இல் அதே நாளில் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் அதற்குப் பெயர் சூரியமல். நாங்கள் வேலிக்குக் கதியால் வெட்டி நடுகிறோமே, இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதி விளையாடினோமே, அந்தப் பூவரசின் பூதான் அது. 1933இல், கொழும்பில் ஒரு மகளிர் பாடசாலையின் அதிபராக இருந்த டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி, இந்த இரண்டு பூக்களையும் பற்றிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு இளைஞர் அமைப்புகள் பூவரசம்பூவைக் கையிலெடுத்தன. ஏகாதிபத்தியத்துக்கு எதிரானவர்களின் அடையாளமாக அது வளர்ந்தது. பொப்பி விற்கும் தெருவிலேயே போய் நின்று விற்றார்கள்.

இதுவரை இது பூவைப் பற்றிய கதைதான். 1934ஆம் ஆண்டின் இறுதியில் மலேரியா பரவியது. அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அப்போது கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் தூக்கிக்கொண்டு போனவர்களில், பூவரசம்பூ விற்ற அதே இளைஞர்கள் இருந்தார்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களில் அடங்குவர். 1935 டிசம்பரில் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களும் இந்த வட்டத்திலிருந்தே வந்தார்கள்.

மலேரியாவை ஒரு பூ தடுக்கவில்லை. ஆனால் யாரைக் கூப்பிட்டால் வருவார் என்பதை அந்தப் பூ முன்கூட்டியே காட்டி வைத்திருந்தது. தெருவில் நின்று ஏச்சு வாங்கியவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள், இரவோடு இரவாகப் புறப்பட வேண்டி வந்தபோது அந்த அறிமுகம் கைகொடுத்தது. ஆகவே கொக்குவில் தங்கைக்கு என் மறுமொழி இது: அணிந்தவர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைக்கும் சின்னத்தினால் பயன் உண்டு. அணிந்தவரைத் தனியே விட்டுவிடும் சின்னம் துணியும் ஊசியும் மட்டுமே.

1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் கதர் நிதிக்காகவே. அவரை அழைப்பதில் முன்னின்ற இங்குள்ள மாணவர் காங்கிரஸ் இளைஞர்களிடையே கதர் அணியும் வழக்கமும் இருந்தது. கதரில் ஒரு சிறப்பைக் கவனியுங்கள். அங்கே அணியும் துணியே உதவி. வாங்கிய கணத்திலேயே நூற்றவருக்குக் கூலி போய்விடுகிறது. நாடாவுக்கு அந்த வசதி இல்லை.

கொக்குவிலாள்

நன்றி ஐயா. ‘அணிந்தவரைத் தனியே விட்டுவிடும் சின்னம்’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். எங்கள் படத்தில் இருபத்திரண்டு பேர் நிற்கிறோம். அவ்வளவு பேருக்கு நடுவில் அக்கா தனியேதான் நின்றிருக்கிறார்.

ஒரு சந்தேகம். சின்னம் அணிந்தவர் பிறகு கூடுதலாக உதவுகிறாரா, குறைவாக உதவுகிறாரா என்பதை யாராவது முறைப்படி ஆராய்ந்திருக்கிறார்களா?

ரொறன்ரோ இணுவிலான்

ஆராய்ந்திருக்கிறார்கள், அக்கா. நான் சமூக உளவியல் படித்தவன் என்றபடியால் இரண்டு ஆய்வுகளை இங்கே வைக்கிறேன். இரண்டும் கனடாவில் நடந்தவை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

முதலாவது, 1974இல் பற்றீசியா பிளைனரும் அவருடைய குழுவினரும் ரொறன்ரோவின் புறநகரில் செய்தது. கனேடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு உதவி கேட்டு நேரடியாக வீடுகளுக்குப் போனார்கள். வேறு சில வீடுகளுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய், அந்த நிதி திரட்டலை அறிவிக்கும் ஒரு சிறிய சின்னத்தைச் சட்டையில் அணியும்படி மட்டும் கேட்டார்கள். மறுநாள் காசு கேட்டுப் போனபோது, சின்னம் அணிந்தவர்களில் உதவ முன்வந்தோர் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தார்கள். சிறியதொன்றுக்குச் சம்மதித்தவர் ‘நான் இதற்கு உதவுகிறவன்’ என்று தம்மைக் கருதத் தொடங்கிவிடுகிறார் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இரண்டாவது, பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டது. நவம்பரில், பல்கலைக்கழகத்தில் நடந்து போகிறவர்களில் சிலருக்குப் பொப்பிப் பூவைச் சட்டையிலே குத்திவிட்டார்கள். சிலருக்கு அதையே ஓர் உறைக்குள் இட்டுக் கையில் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. சற்றுத் தள்ளிப் போனதும் வேறொருவர் வந்து முன்னாள் படைவீரருக்கு உதவி கேட்டார். உறைக்குள் பூவை வைத்திருந்தவர்களே கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லோரும் காணும்படி பூவைக் குத்தியிருந்தவர்கள், ஒன்றுமே பெறாதவர்களை விடக் குறிப்பிடும்படி கூடுதலாகக் கொடுக்கவில்லை. நல்லவர் என்று பிறர் கண்ணில் தெரிய வேண்டும் என்ற ஆவல் பூவோடேயே தீர்ந்துவிடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பருத்தித்துறை அண்ணா சொன்ன பற்றுச்சீட்டு இதுவேதான். ஆனால் இன்னொன்றையும் கண்டார்கள். இந்த நோக்கம் தம் மனத்துக்கு எவ்வளவு நெருங்கியது என்று முதலில் எண்ணிப் பார்க்கச் செய்தபோது, வெளியே காட்டியவருக்கும் காட்டாதவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், இது என் சொந்த எண்ணம்தான். பிளைனரின் ஆய்வில் மறுநாள் அதே கதவைத் தட்ட ஒருவர் வந்தார். அந்தச் சின்னம் நாளைக்கு வரப்போகும் கேள்விக்கு முன்னுரையாக அமைந்தது. மற்றதில் பூவைக் குத்தியவருக்கு அன்றைய கடமை அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றியிருக்கலாம். நவம்பரில் இங்கே வேலைக்குப் போகும்போது நானும் பொப்பி அணிகிறேன். அணியாமல் போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே பூவை யாழ்ப்பாணத்தில் அணிந்தால் வரும் பொருள் வேறு என்பதை இங்கே எழுதுகிற ஒருவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

கிராமத்து மருத்துவிச்சி

நான் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போகிறவள். ஆய்வுகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. நான் கண்ட ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஓர் ஒக்டோபரில் பிள்ளைக்கு நிறை பார்க்கும் கிளினிக் நாளன்று, பேரனைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்திருந்தார். பிள்ளையின் வேலை முடிந்தும் எழும்பிப் போகவில்லை. எல்லோரும் போகும் வரை வாங்கிலேயே இருந்தார். பிறகு கிட்ட வந்து, என் சட்டையில் குத்தியிருந்த இளஞ்சிவப்பு நாடாவை ஒரு விரலால் தொட்டு, “பிள்ளை, எனக்கு இது” என்றார். அவ்வளவுதான். ‘மார்பு’ என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ‘கட்டி’ என்றும் சொல்லவில்லை. அந்த வயதில், அந்த வளர்ப்பில், அந்தச் சொற்கள் வராது. நாடா அவருக்குச் சொல்லாக இருந்தது. அன்றைக்கே வைத்தியரிடம் காட்டினோம். அது புற்றுநோய் அல்ல என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் அவர் காட்டினார் அல்லவா? அன்று என் சட்டையில் அது இல்லாதிருந்தால் பேரனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆகவே நாடாவினால் பயனில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் தொட்டது யாருடைய நாடாவை என்பதைப் பாருங்கள். கேட்டால் மறுமொழி சொல்லவும், கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போகவும் கூடிய ஒருத்தி அதை அணிந்திருந்தாள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. இந்தத் திட்டம் 1996இலேயே தொடங்கிவிட்டது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் வரலாம். மார்பைப் பரிசோதிப்பார்கள், கருப்பைக் கழுத்துக்கும் பரிசோதனை செய்வார்கள், ஒரு சதம் செலவில்லை. நாடா அணிகிற எத்தனை பேருக்குத் தங்கள் பிரிவில் அது எந்தக் கிழமையில் நடக்கிறது என்று தெரியும்? கோபித்துக்கொள்ள வேண்டாம் தங்கச்சி, உங்கள் அலுவலகத்தில் இருபத்திரண்டு பேரில் ஒருவருக்காவது தெரிந்திருந்ததா?

உலக எயிட்ஸ் நாளான டிசம்பர் 1ஆம் திகதி அணியும் சிவப்பு நாடாவும் இப்படித்தான். 1991இல் நியூயோர்க்கில் சில கலைஞர்கள் அதை உருவாக்கியபோது, யாரும் செய்து அணியட்டும் என்று உரிமை எதுவும் கோராமல் விட்டார்கள். எயிட்ஸ் என்ற பெயரைச் சொல்லவே அஞ்சிய காலத்தில் அது பேச்சுக்கு வழி திறந்தது. ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்ததே, அதைச் சாதித்தது கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனை. அந்த வேலையை ஆண்டு முழுவதும் செய்தவர்கள் பலர் நாடா அணிந்ததே இல்லை.

வெண்பிரம்பு

உதவி பெறுகிறவன் என்று எல்லோரும் கருதும் பக்கத்திலிருந்து நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்குப் பார்வை இல்லை. உங்கள் பதிவுகளைத் திரைவாசிப்பான் மூலம் கேட்டே எழுதுகிறேன்.

ஒக்டோபர் 15 வெண்பிரம்பு நாள். அன்று சட்டையில் சிறிய கொடி குத்தியவர்கள் என்னோடு மிகுந்த அன்பாகப் பேசுவார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே, நடைபாதைக்குக் குறுக்கே மோட்டார்ச் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனவர் ஒருவர் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற என் மருமகன் மெதுவாக என் காதில், “மாமா, இவர் கொடி குத்தியிருக்கிறார்” என்றான். அவர் பொய்யான மனிதர் அல்லர். நெஞ்சில் குத்தியிருந்த கொடிக்கும் வண்டியை நிறுத்திய இடத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பிரம்பும் ஒரு சின்னம்தான். அதன் வெள்ளை நிறத்தைக் கண்டால் சாரதி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது தெரிந்தபடியால்தான் நான் வீதியைக் கடக்கிறேன். 2016இல் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கற்விக் விமான நிலையத்தில், வெளியே தெரியாத வலுவிழப்பு உள்ளவர்கள் கழுத்தில் அணிவதற்குச் சூரியகாந்திப் பூ அச்சிட்ட பச்சைப் பட்டி ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது அது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அந்தப் பட்டியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அங்குள்ள ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பயிற்சி இல்லாவிட்டால் அதுவும் ஒரு பட்டிதான்.

பூவரசடி ஐயா கதரைச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. 1912இல் லண்டனில் அலெக்ஸாண்ட்ரா ரோசா நாள் என்று தொடங்கியபோது விற்ற செயற்கை ரோசாக்களை வலுவிழந்த பெண்களே செய்தார்கள். 1922இல் பொப்பி செய்வதற்கென்று தொடங்கிய தொழிலகத்தில் போரில் ஊனமுற்றவர்கள் வேலை பெற்றார்கள். ஆனால் 2005இல் வறுமை ஒழிப்புக்கென்று உலகம் முழுவதும் அணிந்த வெள்ளைக் கைப்பட்டிகளில் ஒரு பகுதி, தொழிலாளரை மோசமாக நடத்திய தொழிற்சாலைகளில் செய்யப்பட்டதாக அந்த ஆண்டிலேயே செய்தி வந்தது. எந்தச் சின்னத்தையும் என் கையில் தந்தால் நான் முதலில் கேட்பது, இதை யார் செய்தார், அவருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையே.

பருத்தித்துறையான்

கைப்பட்டி என்றதும் 2004இல் வந்த மஞ்சள் நிற லிவ்ஸ்ட்ரோங் பட்டி நினைவுக்கு வருகிறது. ஒன்று ஒரு டொலர். 8 கோடி அளவில் விற்பனையானது. புற்றுநோய் கண்டவர்களுக்கு அந்தக் காசு உண்மையாகவே உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது ஒரு சைக்கிள் வீரரின் புகழில் தொங்கியது. அவர் ஊக்கமருந்து எடுத்தது 2012இல் உறுதியானதும், அணிந்தவர்கள் கழற்றினார்கள். நோயாளிகள் அப்படியேதான் இருந்தார்கள்.

மருத்துவிச்சி அம்மாவின் பதிவை வாசித்த பிறகு என் முதல் பதிவின் கடுமையைக் குறைத்துக்கொள்கிறேன். அன்று அந்த வாங்கில் இருந்த அம்மாவுக்கு அது பற்றுச்சீட்டு அல்ல.

கணக்கன்

நானும் என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். கட்டடம் தானாக ஆட்களைக் கூப்பிடாது. வாசல் வரை கூட்டிக்கொண்டு வருவதற்கு ஏதோ ஒன்று வேண்டும்.

கொக்குவிலாள்

இந்த மூன்று நாட்களும் உங்கள் பதிவுகளை வாசித்துவிட்டு, நாடா எங்கிருந்து வந்தது என்று நானும் தேடிப் பார்த்தேன். தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. எனக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது.

கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்று ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் ஆகிய மூவருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் அவர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து நாடா மடிக்கத் தொடங்கினார். அது இளஞ்சிவப்பு அல்ல, பீச் பழத்தின் நிறம். ஐந்து ஐந்து நாடாக்களாக ஓர் அட்டையோடு சேர்த்துக் கொடுத்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டுச் செலவு 180 கோடி டொலர் என்றும், அதில் 5 வீதமே நோய்த் தடுப்புக்குப் போகிறது என்றும், சட்டமன்றத்தில் இருப்பவர்களை விழிக்கச் செய்வதற்கு இதை அணியுங்கள் என்றும் அந்த அட்டையில் எழுதியிருந்தது. 1992இல் ஒரு சஞ்சிகையும் ஓர் அழகுசாதன நிறுவனமும் அந்த நாடாவைக் கேட்டு வந்தபோது, இது வியாபாரமாகிவிடும் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். சட்டத்தரணிகளின் ஆலோசனைப்படி அவர்கள் நிறத்தை மாற்றினார்கள். இன்று நாங்கள் குத்துவது அப்படி மாற்றிய நிறம்.

நிறம் மாறியதைக்கூட நான் பெரிதாக எண்ணவில்லை. அட்டை கழன்றுவிட்டதே, அதுதான் என் மனத்தைத் தைத்தது. யார் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அம்மா எழுதிய சொற்கள் விழுந்துபோய், குத்துகிற துணி மட்டும் கடல் தாண்டி எங்கள் அலுவலகம் வரை வந்திருக்கிறது.

ஆகவே பட்டியலில் கையெழுத்திட்டுவிட்டேன், ஒரு நிபந்தனையோடு. இம்முறை ஒவ்வொரு நாடாவும் ஓர் அட்டையோடுதான் கொடுக்கப்படும். எங்கள் பிரிவில் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளும் நேரமும் இடமும் அதில் இருக்கும். நேற்று வரைவு எழுதிப் பார்த்தேன். மருத்துவிச்சி அக்கா, ஏதேனும் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்.

கிராமத்து மருத்துவிச்சி

‘நோவில்லாத கட்டியையும் காட்டுங்கள்’ என்பதை முதல் வரியாகப் போடுங்கள். பலர் பிந்தி வருவது அந்த ஒன்றினால்தான். நோவு இல்லை என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆண்களுக்கும் ஓர் அட்டை கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

கொக்குவிலாள்

முதல் வரியாகப் போட்டுவிட்டேன் அக்கா.

இன்று மாலை அந்த வரைவை எங்கள் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தலையில் துணி கட்டிக்கொண்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். ‘வெட்கப்பட வேண்டாம்’ என்று நான் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தேன். பேனையை வாங்கி அதை வெட்டிவிட்டார். “எனக்கு வெட்கம் இருக்கவில்லை, பிள்ளை. லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது என்றுதான் ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போட்டேன்” என்றார்.

வெட்டிய இடத்தில் அவரே தம் கையெழுத்தில் எழுதித் தந்ததை அப்படியே அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன்: ‘அன்று காலை அலுவலகத்திலிருந்து நாங்கள் சேர்ந்து போகிறோம். நீங்களும் வாருங்கள்.’ எங்கள் பெரியவரிடம் அரை நாள் விடுப்புக்குக் கேட்டிருக்கிறேன். இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.